படத்தின் பின்னே ஓர் ஊர்ப்பெயர்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்றொரு சிற்றூர் உண்டு. பாறைகள் குவிந்து கிடக்கும் அவ்வூரின் ஒதுக்குப்புறத்தில், ஒரு பாறையின் முகத்தைக் குடைந்து அமைத்த சிறு கோயில் நிற்கிறது. முன்வரிசையில் கனத்த தூண்கள். இருபுறமும் ஆளுயரத்தை மிஞ்சிய வாயிற்காவலர். உள்ளே மூன்று அறைகள், மூன்றும் வெறுமையானவை. நூறாண்டுக்கு முற்பட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் காவலர் எதிரே சில ஆண்டுகளுக்கு முன் நான் நின்றேன். படத்திலிருந்த பாறையும் தூணும் சிற்பமும் அப்படியே இருந்தன. அன்று அந்தப் படத்தின் கீழே அச்சாகியிருந்த ஊர்ப்பெயரே என்னை அங்கு கொண்டுவந்து சேர்த்தது. பெயர் இல்லாதிருந்தால், தமிழகத்தின் எத்தனையோ பாறைகளில் இதுவும் ஒன்று என்று அந்தத் தாளைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன்.

இந்த வட்டாரத்துப் பாறைகளையும் ஊர்களையும் படத்தோடும் பெயரோடும் உலகத்தின் முன் வைத்தவர்களில் முதன்மையானவர் கபிரியேல் ழுவோ-துப்ரேய். பல்லவர் வரலாற்றைப் படித்த எவரும் அவருடைய பெயரைக் கடந்திருக்க முடியாது. புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயோடு அவரைக் குழப்பிக்கொள்வோரும் உண்டு. ஆளுநருக்கும் இவருக்கும் இடையே ஏறத்தாழ 150 ஆண்டு இடைவெளி. அவர் கோட்டைகளைப் பிடிக்க வந்தவர். இவர் கல்லூரியில் பாடம் சொல்ல வந்தவர்.

துப்ரேய் 1885-இல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோன் நகரில் பிறந்தார். 1909-இல் புதுச்சேரிக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்துசேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. தொல்லியல் துறையில் அவருக்குப் பதவியோ, உதவியாளர் படையோ இல்லை. பாடவேளை போக மிஞ்சிய நேரமும் விடுமுறையுமே அவருடைய ஆய்வுக்காலம். புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் அன்றைய ஆங்கிலேய ஆட்சியின் தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரமும் திண்டிவனமும் செஞ்சியும் அதற்குள் அடக்கம். இந்த நிலப்பரப்பே அவருக்கு முதற் பள்ளிக்கூடமாயிற்று.

அவருக்கு முன்பே புகைப்படக் கருவி தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற படையதிகாரி 1858-ஆம் ஆண்டிலேயே மதுரையையும் தஞ்சையையும் திருவரங்கத்தையும் மிக நேர்த்தியாகப் படம்பிடித்திருந்தார். ஆனால், அத்தகையோரின் பார்வை பெரும்பாலும் பெருநகரங்களின் மீதும் பெருங்கோயில்களின் மீதும் பதிந்திருந்தது. புளியமரக் காட்டால் பெயர்பெற்ற திண்டிவனத்துக்கு அருகே, வயல்களுக்கு நடுவே ஒற்றைப் பாறையில் ஒற்றை அறையாகக் குடையப்பட்டிருக்கும் கீழ்மாவிலங்கை போன்ற ஓர் இடத்துக்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் காரணமிருக்கவில்லை. துப்ரேய்க்குக் காரணமிருந்தது. அவர் தேடியது அழகை மட்டுமன்று, காலத்தை.

அன்றைக்கு ஒரு கோயிலின் வயதைச் சொல்ல வேண்டுமானால் கல்வெட்டு வேண்டும். இல்லையேல் தலபுராணத்தை நம்ப வேண்டும். கல்வெட்டில்லாத கோயில் வயதில்லாத கோயில். இந்தச் சிக்கலுக்குத் துப்ரேய் கண்ட வழி இன்று எளிதாகத் தோன்றும். தூணின் தலைப்பில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவர் காலத்தில் அது வளைந்து, அலையலையான மடிப்புகளோடு இருக்கும். சோழர் காலத்தில் வளைவு நேராகி, சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் ஒரு முனை மட்டும் துருத்தி நிற்கும். விசயநகரக் காலத்தில் அந்த முனை மொட்டாகிக் கீழ்நோக்கித் தொங்கும். நாயக்கர் காலத்திலும் அதற்குப் பின்னரும் அது மேலும் வளர்ந்து வாழைப்பூ போலாகிவிடும். கல்வெட்டு சிதைந்துபோனாலும் போதிகை தன் வயதைச் சொல்லிவிடும். கூடு, மாடம், அரைத்தூண் என ஒவ்வோர் உறுப்புக்கும் இப்படியொரு வளர்ச்சி வரிசையை அவர் கண்டறிந்தார்.

இதற்குப் புகைப்படமும் கோட்டோவியமும் இன்றியமையாதவை. ஓர் ஊர்த் தூணையும் ஐம்பது கல் தொலைவிலுள்ள இன்னோர் ஊர்த் தூணையும் ஒரே மேசையில் அருகருகே வைத்துப் பார்க்கப் படம் ஒன்றே வழி. ஆனால் படம் மட்டும் போதாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். தம் காலத்தில் கோயில் கட்டிக்கொண்டிருந்த தபதிகளிடமும் கல்தச்சர்களிடமும் சென்று, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டறிந்தார். ஐரோப்பியர் பலர் இந்தியக் கட்டடங்களைக் கிரேக்கச் சொற்களால் விவரித்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் போதிகையைப் போதிகை என்றே எழுதினார். கல்லூரிக் கல்வி பெறாத நம் கைவினைஞர்களின் வாய்ச்சொல் இவ்வாறு பாரிசின் ஆய்வேட்டில் இடம்பெற்றது.

தென்னிந்தியத் தொல்லியலைப் பற்றிய அந்தப் பிரெஞ்சு நூல் 1914-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. கட்டடக்கலையைப் பற்றிய பகுதியின் சாரம், எஸ். கிருஷ்ணசாமி அய்யங்காரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1917-இல் ஆங்கிலத்தில் வந்தது. பல்லவர் தொன்மைகளைப் பற்றிய அவருடைய இரு தொகுதிகள் 1916-இலும் 1918-இலும் வெளியாயின. முப்பத்து மூன்று வயதுக்குள் இவ்வளவையும் ஒரு கல்லூரி ஆசிரியர் செய்துமுடித்தார் என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தப் பல்லவத் தொகுதிகளில்தான் நம் வட்டாரம் தன் உரிய இடத்தைப் பெற்றது. மண்டகப்பட்டில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணச்சாந்தும் இல்லாமல் நான்முகனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் இக்கோயிலை எடுத்ததாகச் சொல்கிறது. மூன்று வெற்று அறைகள் யாருக்குரியவை என்பது அதனால் விளங்குகிறது. விசித்திரசித்தன் என்பது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். பக்கத்திலுள்ள தளவானூரில் சத்ருமல்லேசுவரம் என்ற குடைவரையும் அதே மன்னனின் இன்னொரு பட்டப்பெயரைத் தாங்கி நிற்கிறது. பல்வேறு ஊர்களில் சிதறிக் கிடந்த இந்தப் பட்டங்களையும் தூண்களின் அமைப்பையும் ஒன்றுசேர்த்து, தமிழகத்தில் பல்லவக் குடைவரைக் கலையைத் தொடங்கியவன் மகேந்திரனே என்ற கருத்தைத் துப்ரேய் வலுவாக நிறுவினார். கிருட்டிணை ஆற்றங்கரைக் குடைவரைகளைக் கண்டு அவன் இக்கலையைக் கற்றிருக்க வேண்டும் என்றும் அவர் கருதினார். பிற்கால ஆய்வாளர்கள் இதில் சிலவற்றை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். எனினும், தமிழகக் கட்டடக்கலை வரலாறு விழுப்புரத்துப் பாறைகளைத் தொட்டே தொடங்க வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியவர்களுள் அவர் முக்கியமானவர்.

கல்லோடு அவர் நிற்கவில்லை; வண்ணத்தையும் தேடினார். புதுக்கோட்டைப் பகுதியின் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பற்றி 1920-இல் எழுதினார். 1931-இல் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிறு சன்னிதிகளில், பிற்காலச் சுண்ணப்பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த பல்லவ ஓவியங்களைக் கண்டுபிடித்தார். விழுப்புரம் வட்டாரத்தின் பனைமலையில் இராசசிம்மப் பல்லவன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலில், குடையின் கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவியின் ஓவியமும் அவரால்தான் கலையுலகின் கவனத்துக்கு வந்தது. சிவனின் ஆடலைப் பார்த்து நிற்கிறாள் அவள். ஆடும் சிவனின் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்ப்பவள் மட்டும் எஞ்சியிருக்கிறாள். பனைமலை ஏரியைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், இவளும் எத்தனை காலம் இருப்பாளோ என்ற கவலையோடுதான் நான் படியிறங்குவேன்.

துப்ரேய் பிழை செய்யாதவர் அல்லர். கேரளத்தின் பெருங்கற்காலப் பாறைக் குகைகளை வேதகால வேள்விச்சாலைகள் என்று 1922-இல் எழுதினார், அக்கருத்து நிலைக்கவில்லை. ஆனால் அவருடைய கண் பெரும்பாலும் அவரை ஏமாற்றியதில்லை. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மண்ணரிப்பில் வெளிப்பட்ட மணிகளையும் ஓடுகளையும் சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்தனர். 1937-ஐ ஒட்டி அவற்றைப் பார்த்த துப்ரேய், அவற்றில் உரோமானியக் கைவேலை இருப்பதைக் கண்டுகொண்டு, பழைய கடல்வணிகத் துறை ஒன்று அங்கே புதைந்திருப்பதாக அறிவித்தார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே நடத்திய அகழாய்வு உலகப் புகழ் பெற்றது. அதே ஆண்டில் துப்ரேய் காலமானார்.

இத்துடன் முடித்தால் இது ஒரு புகழுரை ஆகிவிடும். அவருடைய வாழ்வில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நாம் அவரிடமிருந்து கற்க வேண்டியதைக் கற்கமாட்டோம்.

1926-ஆம் ஆண்டையொட்டி, பாரிசில் கடை நடத்திய சி.டி. லூ என்ற கலைப்பொருள் வணிகருக்குத் துப்ரேய் தென்னிந்தியச் சிற்பங்களைத் திரட்டிக் கொடுத்தார். சீனாவில் பிறந்த லூ, ஆசியக் கலைப்பொருள்களை மேலை நாட்டு அருங்காட்சியகங்களுக்கும் செல்வர்களுக்கும் விற்றவர்களில் மிகப் பெரியவர். துப்ரேய் காஞ்சிபுரப் பகுதியில் கண்ட பத்தாம் நூற்றாண்டு யோகினிச் சிலைகளில் பெரும்பாலானவை இவ்வழியாகக் கடல் கடந்தன. கையில் மண்டையோடும் பாம்பும் ஏந்தி, கூந்தல் விரிய அமர்ந்திருக்கும் அந்தத் தேவியர் ஒரே கோயிலில் ஒன்றாக வீற்றிருந்தவர்கள். இன்று அத்தொகுதியில் எஞ்சிய பத்தொன்பது சிற்பங்கள் வட அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா, தென்னிந்தியா என்று வெவ்வேறு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. கலை வரலாற்றாசிரியர் பத்மா கைமல் 2012-இல் வெளியிட்ட நூல், ஒவ்வொரு சிலையின் பயணத்தையும் பின்தொடர்ந்து எழுதப்பட்டது. அவர்களுடைய கோயில் எங்கே நின்றது என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

இதைப் படித்த நாளில் நான் நெடுநேரம் வேறெதுவும் படிக்கவில்லை. தளவானூரையும் மண்டகப்பட்டையும் அங்குலம் அங்குலமாகப் பதிந்துவைத்த கையும், காஞ்சித் தேவியரைக் கடல் தாண்ட அனுப்பிய கையும் ஒன்றே. வயல்வெளியில் பாதுகாப்பாரற்றுக் கிடப்பதைக் காட்டிலும் அருங்காட்சியகத்தில் இருப்பது மேல் என்ற எண்ணம் அக்கால ஐரோப்பிய அறிஞர் பலரிடம் இருந்தது. அரசின் சட்டமும் இன்றுள்ளதைப் போல் இறுக்கமாக இல்லை. தொல்பொருள்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கிய சட்டம் 1972-இல்தான் இயற்றப்பட்டது. காலத்தின் வழக்கத்தைச் சொல்லி அவரை விடுவிக்கவும் எனக்கு மனமில்லை; இன்றைய அளவுகோலைக் கொண்டு அவர் எழுதியதையெல்லாம் தள்ளிவிடவும் மனமில்லை. பாறையிலிருந்து பிரிக்க முடியாதவை நமக்கு எஞ்சின. எளிதில் தூக்கிச் செல்லக்கூடியவை போயின. இந்தக் கசப்பான உண்மையே அவர் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

அந்தப் பாடத்தை முதலில் கற்றது அவர் வாழ்ந்த புதுச்சேரிதான். 1955-இல் அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டிலிருந்து அதன் ஆய்வாளர்களும் புகைப்படக்காரர்களும் தமிழகத்தின் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுக்கத் தொடங்கினர். அரிக்கமேட்டைப் பற்றி எழுதியவரும், தென்னிந்தியக் குடைவரைகளைப் பிற்காலத்தில் தொகுத்தவருமான பி.இசட். பட்டாபிராமின் போன்றோர் அந்தப் பணியில் முன்னின்றனர். இன்று அந்தத் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஒவ்வொரு படத்துக்கும் ஊர்ப்பெயர் உண்டு. கோயிலின் பெயர் உண்டு. எடுத்த ஆண்டு உண்டு. சிலையை அவர்கள் தொட்டு எடுக்கவில்லை. அதன் நிழலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் முகவரியை எழுதிவைத்தார்கள்.

அந்த முகவரியின் மதிப்பு அரை நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் ஆடவல்லான் திருட்டுப்போய், 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் பெருந்தொகைக்கு வாங்கப்பட்டார். விருத்தாசலம் கோயிலின் மாதொருபாகர் கற்சிலை சிட்னியில் உள்ள கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இவ்விரண்டும் நம்முடையவை என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவை, புதுச்சேரித் தொகுப்பில் இருந்த பழைய படங்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே அவற்றை இந்தியாவிடம் ஒப்படைத்தார். அண்மையில், விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வீரசோழபுரம் கோயிலிலிருந்து காணாமற்போன செப்புத் திருமேனிகள் அமெரிக்காவில் இருப்பதைச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினர் கண்டறிந்ததும் இதே தொகுப்பின் துணையால்தான். ஊர்ப்பெயர் எழுதப்பட்ட படம் இருந்ததால் விருத்தாசலத்து மாதொருபாகர் வீடு திரும்பினார். அத்தகைய பதிவு இல்லாததால் காஞ்சி யோகினியருக்கு இன்னும் வீடே தெரியவில்லை.

கோயில் சிலைக்குப் பொருந்துவது ஊருக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன், டண்டி நகரத்து வேலண்டைன் குடும்பத்தார் ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிற்றூர்களையும் கடற்றுறைகளையும் படமெடுத்து விற்றனர். அவர்களுக்கு அது வணிகம். ஆனால் ஊர்ப்பெயரைத் தவறாமல் குறித்தார்கள். அந்தக் கண்ணாடித் தகடுகளும் படங்களும் இன்று அபர்டீன், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. தம் ஊரின் பழைய தெருவைப் பார்க்க விரும்பும் எவரும் அங்கே பார்க்கலாம்.

நம் நிலை என்ன? குந்தவைப் பிராட்டி சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் கோயிலெடுத்த தாதாபுரம் திண்டிவனத்துக்கு அருகில்தான் இருக்கிறது. இராசேந்திர சோழன் காலத்தில் முந்நூற்று நாற்பது மாணவர் உண்டு உறைந்து படித்த எண்ணாயிரம் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இவ்வூர்களின் நூறாண்டுக்கு முந்தைய தெருவை, குளத்தை, தேரை, சந்தையை இன்று நாம் எங்கே போய்ப் பார்ப்பது? விழுப்புரம் தொடர்வண்டி நிலையத்தின் நீராவி எஞ்சின் காலமும், திண்டிவனத்துப் பழைய கடைவீதியும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். பள்ளி ஆண்டு விழாக் குழுப்படங்கள், திருமணப் படங்கள், தேர்த் திருவிழாவின்போது எடுத்த படங்கள் ஆகியவை நம் வீடுகளில் ஏராளம். பின்பக்கம் ஊரும் ஆண்டும் எழுதப்பட்டவை மிகச் சில. எடுத்துக் காட்டி, இவர் யார் என்று சொல்லக்கூடிய முதியவர் மறைந்ததும், அந்தப் படமும் யோகினிச் சிலையைப் போல அநாதை ஆகிவிடுகிறது.

என் வீட்டிலும் இதுதான் நடந்தது. என் பாட்டனார் நடுவில் அமர்ந்திருக்கும் ஒரு குழுப்படம் எங்களிடம் உள்ளது. பின்னால் ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு வேப்பமரம், இருபது முகங்கள். இடம் எது, ஆண்டு எது, மற்றவர்கள் யார் என்று என் தந்தையாரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். கேட்காமலே காலம் போய்விட்டது. இப்போது அந்தப் படத்தில் என் பாட்டனாரைத் தவிர எவரையும் எனக்குத் தெரியாது.

மாவட்ட நூலகங்களும் அரசுப் பள்ளிகளும் கல்லூரி வரலாற்றுத் துறைகளும் நினைத்தால் இதற்கொரு வழி செய்யலாம். மக்களிடமுள்ள பழைய படங்களை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மின்வருடியில் நகலெடுத்துக்கொண்டு, முதியவர்களிடம் கேட்டு ஊர், ஆண்டு, இடம், ஆள் ஆகிய நான்கையும் பதிந்து, மூலப் படத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஊர்க் கோயிலின் ஒவ்வொரு சிலையையும் ஆண்டுக்கொரு முறை படமெடுத்து, நாளிட்டு, ஊராட்சியிலும் நூலகத்திலும் ஒவ்வொரு படி வைக்கலாம். ஆயிரம் ரூபாய்க் கைப்பேசி கூடப் படமெடுக்கும் இந்நாளில் இதற்குப் பெருஞ்செலவு இல்லை. பொறுமையும் ஒழுங்கும்தான் வேண்டும். கற்பித்த நேரம் போக மிஞ்சிய நேரத்தில் ஓர் ஆசிரியர் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்குத் துப்ரேயின் வாழ்வே சான்று. அவர் செய்த தவறையும் நாம் செய்ய வேண்டியதில்லை: பொருளை அதன் ஊரிலேயே விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்தால் போதும்.

மண்டகப்பட்டிலிருந்து திரும்பிய அன்று மாலை, என் கைப்பேசியில் எடுத்த வாயிற்காவலர் படங்களை அச்சிட்டு, ஒவ்வொன்றின் பின்புறமும் ஊரையும் நாளையும் எழுதினேன். பிறகு என் பாட்டனார் படத்தைச் சட்டகத்திலிருந்து கழற்றி, தெரிந்த ஒரே பெயரை அதன் பின்னால் எழுதினேன். மீதி இடம் வெறுமையாகவே இருக்கிறது.